கண் மங்கிய இரண்டு தகப்பன்மார்

அன்புள்ள ஐயா,

யாழ்ப்பாணம் மானிப்பாயில் இருந்து எழுதுகிறேன். எங்கள் சபையின் ஞாயிறு பாடசாலையில் பத்து வயதுப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். இந்தத் தவணைக்கு ஆதியாகமத்தின் முற்பிதாக்களான ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகியோர்தான் பாடம். அவர்களுடைய விசுவாசத்தையும் குடும்ப வாழ்க்கையையும் பிள்ளைகளுக்கு முன்மாதிரியாகக் காட்ட வேண்டும். போன ஞாயிறு ஒரு சின்னப் பெட்டை எழும்பி, "ரீச்சர், ஆகாரையும் பிள்ளையையும் தண்ணியில்லாத இடத்துக்கு அனுப்பினவர் நல்ல அப்பாவோ?" என்று கேட்டாள். அடுத்த கிழமை சொல்கிறேன் என்று சமாளித்துவிட்டேன்.

சமாளித்ததற்குக் காரணம் என் வீடு, ஐயா. அப்பாவுக்கு 83 வயது. நாங்கள் மூன்று பிள்ளைகள். சீதனமாகத் தந்த வீட்டில் நான் இருக்கிறேன். தம்பி கனடாவில். மூத்த அண்ணா 1998இல் ஒரு சைவப் பிள்ளையை விரும்பிக் கலியாணம் செய்தார். அண்ணி ஞானஸ்நானம் எடுக்கவில்லை. அன்றில் இருந்து அப்பா அண்ணாவோடு தேவைக்கு மட்டும்தான் கதைப்பார். அண்ணாவின் இரண்டு பிள்ளைகளையும் பக்கத்தில் கூப்பிட்டு ஒரு நாளும் தலையில் கை வைத்ததில்லை. 1995 யுத்த இடப்பெயர்வில் கால் முறிந்திருந்த அம்மாவைச் சைக்கிள் கரியரில் இருத்தி, அந்த மழைக்குள் நாவற்குழிப் பாலம் தாண்டிச் சாவகச்சேரி மட்டும் உருட்டிக்கொண்டு போனது அண்ணாதான். இப்போது அப்பாவுக்கு இரண்டு கண்ணிலும் புரை. பெரியாஸ்பத்திரிக்கு மோட்டார் சைக்கிளில் ஏற்றி இறக்குவதும் அண்ணாதான்.

அப்பா தன் பரம்பரையாக வந்த முதுசக் காணியையும் பழைய வீட்டையும் முழுவதுமாகத் தம்பிக்கு எழுதப் போகிறார். ஏன் என்று கேட்டால் வேதத்தை எடுக்கச் சொல்கிறார். "வாக்குத்தத்தத்தின் பிள்ளை ஒருத்தன்தான். அது நான் சொன்னதில்லை, கர்த்தர் ஆபிரகாமுக்குச் சொன்னது" என்கிறார். தம்பி, அப்பாவின் விருப்பம் என்று ஒதுங்கிவிட்டான். அண்ணா வாய் திறப்பதில்லை. அப்பாவுக்கு எதிராகக் கதைத்தால் வேதத்துக்கு எதிராகக் கதைக்கிறேனோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. இந்தக் குடும்பங்களிடம் இருந்து நான் என்னத்தைப் படிப்பிக்க?

ஒரு மகள்

*

அன்புள்ள தங்கச்சி,

முதலில் அந்தச் சின்னப் பிள்ளைக்குப் பதில் சொல்வோம். அவள் கேட்டது சரியான கேள்வி. ஆகார், ஆபிரகாமின் மனைவி சாராளின் அடிமைப்பெண். ஆபிரகாமுக்கு ஆகார் பெற்ற பிள்ளை இஸ்மவேல், சாராள் பெற்ற பிள்ளை ஈசாக்கு. ஒரு துருத்தித் தண்ணீரும் கொஞ்ச அப்பமும் கொடுத்து ஒரு தாயையும் பிள்ளையையும் விடியக்காலை வனாந்தரத்துக்கு அனுப்பியது கொடிய காரியம் என்று அவளிடம் நேராகவே சொல்லுங்கள். வேதம் அதை மூடி மறைக்கவில்லை. தண்ணீர் முடிந்ததும் ஆகார் பிள்ளையை ஒரு செடியின் கீழ் விட்டுவிட்டு, அவன் சாவதைப் பார்க்க மனமில்லாமல் தூரத்தில் போய் இருந்து அழுகிறாள். அதை ஒரு வரியும் குறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. பிள்ளையின் சத்தத்தைத் தேவன் கேட்டார் என்றும் எழுதி வைத்திருக்கிறது. அனுப்பிய வீட்டின் தேவன் அனுப்பப்பட்டவளின் பக்கத்தில் போய் நின்றார். பத்து வயதுப் பிள்ளைக்கு இது விளங்கும். பெரியவர்கள் எங்களுக்குத்தான் இது கஷ்டம், ஏனென்றால் இந்த மனிதர்களைக் கழுவித் துடைத்துப் பிரசங்க மேடையில் வைத்தே எங்களுக்குக் காட்டிவிட்டார்கள்.

இனி அப்பாவிடம் வருவோம். அவரை நான் குறைவாக நினைக்கவில்லை. பிள்ளையின் கலியாணம் ஒரு விசுவாசியின் நெஞ்சில் எப்படி முள்ளாகத் தைக்கும் என்பதும் ஆதியாகமத்தில் இருக்கிறது. ஈசாக்கின் மூத்த மகன் ஏசா, வேற்று இனமான ஏத்தியப் பெண்களைக் கட்டியபோது தகப்பன் ஈசாக்குக்கும் தாய் ரெபெக்காளுக்கும் அது மனநோவாக இருந்தது. அப்பாவின் நோவு உண்மையானது. பேரப்பிள்ளைகள் தன் தேவனை அறியாமல் போய்விடுவார்களோ என்ற பயம் அதற்குள் இருக்கிறது. அந்தப் பயத்தை யாரும் அவரிடம் மரியாதையாகக் கேட்டிருக்கமாட்டார்கள் என்றே நினைக்கிறேன். நீங்கள் கேளுங்கள்.

ஆனால் அவர் எடுத்த வசனத்தைப் பாதியில் நிறுத்த விடாதீர்கள். வாக்குத்தத்தம் ஈசாக்கின் வழியாக வந்தது, உண்மை. பவுலும் கலாத்தியருக்கு எழுதும்போது ஆகாரையும் சாராளையும் எடுக்கிறார். அங்கே அவர் பேசுவது நியாயப்பிரமாணத்தையும் கிருபையையும் பற்றி. காணி பிரிப்பதைப் பற்றி அல்ல. ஆதியாகமம் 17ஆம் அதிகாரத்தை அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஈசாக்கு பிறப்பான் என்று தேவன் சொன்னவுடன் ஆபிரகாம் கேட்பது, இஸ்மவேல் உமக்கு முன்பாகப் பிழைத்திருக்க வேண்டும் என்று. தேவன் அதைத் தட்டவில்லை. அவனையும் ஆசீர்வதித்தேன், பன்னிரண்டு பிரபுக்கள் அவனிடம் பிறப்பார்கள் என்கிறார். அனுப்ப வேண்டி வந்தபோது ஆபிரகாமுக்கு அது மிகுந்த துக்கமாக இருந்தது என்றும் 21ஆம் அதிகாரம் சொல்கிறது. தன்னை ஆபிரகாமோடு ஒப்பிடும் தகப்பன் அந்தத் துக்கத்தையும் தன்னிடம் தேடிப் பார்க்க வேண்டும்.

அப்பா வேதம் தெரிந்தவர். 25ஆம் அதிகாரம் 5ஆம் வசனத்தைக் காட்டுவார். ஆபிரகாம் தனக்கு உண்டான யாவையும் ஈசாக்குக்குக் கொடுத்தான். ஓம், கொடுத்தான். அதற்கு நாலு வசனம் தள்ளி வாசியுங்கள். ஆபிரகாம் 175 வயதில் இறக்கிறார். அடக்கம் செய்ய வருவது ஈசாக்கும் இஸ்மவேலும். இரண்டு பெயரும் ஒரே வரியில் நிற்கின்றன. எங்கே அடக்கம் செய்கிறார்கள்? மக்பேலா குகையில். சாராள் இறந்தபோது 400 சேக்கல் வெள்ளி நிறுத்துக் கொடுத்து எப்ரோனிடம் வாங்கிய நிலம் அது. அந்த வாங்கலை 23ஆம் அதிகாரத்தில் வாசிக்கிற யாழ்ப்பாணத்தான் எவனும் நிமிர்ந்து உட்காருவான். நிலமும், அதிலுள்ள குகையும், எல்லைக்குள் சுற்றிலும் நிற்கிற மரங்களும் என்று ஊர் வாசலில் சாட்சிகளுக்கு முன்னால் உறுதியாகிறது. எங்கள் நொத்தாரிசுமார் காணி உறுதிப் பத்திரத்தில் எல்லையும் மரமும் கிணறும் எழுதுகிற அதே முறை. வாக்குத்தத்தம் பண்ணப்பட்ட தேசம் முழுவதிலும் ஆபிரகாம் காசு கொடுத்து உறுதியோடு வைத்திருந்தது அந்த ஒரு சேமக்காலைதான். அந்த ஒன்றுக்கு இரண்டு பிள்ளைகளும் வந்து தோள் கொடுத்தார்கள்.

ஈசாக்கைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாக எழுத விடுங்கள். பிரசங்கங்களில் அவருக்கு இடம் குறைவு. மோரியா மலையில் கட்டப்பட்ட பிள்ளை, கண் தெரியாமல் ஏமாந்த கிழவர், அவ்வளவுதான். எங்கள் ஊர்க்காரருக்கு அவர் கிட்டத்துச் சொந்தக்காரன் மாதிரி. ஏனென்றால் அவர் கிணறு வெட்டின மனிதர்.

வருஷம் முழுவதும் ஓடுகிற ஆறில்லாத ஊர் எங்களுடையது. சுண்ணாம்புக் கல்லுக்குள் நிற்கிற மழைத் தண்ணீரில்தான் இந்தக் குடாநாடு உயிர் வாழ்கிறது. அதனால்தான் எங்கள் உறுதிகளில் வழியும் வாய்க்காலும் கிணற்றுப் பங்கும் தனியாக எழுதப்படுகின்றன. ஒரு பரப்புக் காணியை நாலாகப் பிரித்து நாலு மதில் கட்டலாம். கிணற்றை அப்படிப் பிரிக்க ஏலாது. நாலு வீட்டுக்காரரும் ஒரே துலாவில் முறை வைத்து இறைத்தார்கள். ஒருவர் தன் முறைக்கு இறைத்து முடித்தால் விடிய ஊறியிருக்கும், அடுத்தவர் இறைப்பார். வலிகாமம் வடக்கில் இராணுவத்திடம் இருந்த காணிகள் விடுபட்டுச் சனம் திரும்பிப் போனபோது, வீடும் வேலியும் இல்லாத பற்றைக்குள் தங்கள் வளவை அடையாளம் காணக் கிணற்றைத்தான் தேடினார்கள்.

26ஆம் அதிகாரத்தில் ஈசாக்கு செய்கிற வேலையும் இதுதான். தகப்பன் வெட்டின கிணறுகளைப் பெலிஸ்தர் மண் போட்டுத் தூர்த்துவிட்டார்கள். அவர் திரும்பத் தோண்டுகிறார். கேராரின் மேய்ப்பர்கள் தண்ணீர் எங்களுடையது என்று சண்டைக்கு வருகிறார்கள். அந்தக் கிணற்றுக்கு ஏசேக்கு, அதாவது வாக்குவாதம், என்று பெயர் வைத்து விட்டுவிட்டுப் போகிறார். அடுத்ததற்கும் சண்டை. அதற்குப் பெயர் சித்னா, பகை. அதையும் விட்டுவிட்டுப் போகிறார். மூன்றாவதற்குச் சண்டை இல்லை. ரெகொபோத், கர்த்தர் எங்களுக்கு இடம் உண்டாக்கினார் என்கிறார். கிணற்றடிச் சண்டையில் தலைமுறை தலைமுறையாகக் நீதிமன்றப் படி ஏறுகிற எங்களுக்கு இது எவ்வளவு பெரிய காரியம் என்று தெரியும். இன்னொன்று வெட்டினாலும் தண்ணீர் தருகிற தேவன் இருக்கிறார் என்று நம்பினவனால்தான் இரண்டு கிணற்றை விட்டுவிட்டு நடக்க முடியும். விசுவாசம் என்று பிள்ளைகளுக்குக் காட்ட எனக்கு இதைவிட நல்ல படம் தெரியாது.

அப்படிப்பட்ட மனிதர் அடுத்த அதிகாரத்தில் தன் வீட்டுக்குள் தடுக்கி விழுகிறார். அந்நியனுக்கு இரண்டு கிணற்றைக் கொடுத்தவரிடம் சொந்தப் பிள்ளைகள் இருவருக்குமாக ஒரு ஆசீர்வாதம்தான் இருக்கிறது. ஈசாக்குக்கு ஏசா, ரெபெக்காளுக்கு யாக்கோபு என்று வீடு இரண்டாகப் பிரிந்தது. இளையவன் யாக்கோபு, தான்தான் ஏசா என்று கண் தெரியாத தகப்பனிடம் பொய் சொல்லி ஆசீர்வாதத்தை வாங்கினான். தாய் சில நாள் என்று சொல்லி அனுப்பின பிள்ளை திரும்பி வர இருபது வருஷம் சென்றது. ஏசா வந்து, தகப்பனே, இந்த ஒரே ஆசீர்வாதம் மாத்திரமா உம்மிடத்தில் உண்டு என்று சத்தமிட்டு அழுகிறான். தங்கச்சி, ஆதியாகமத்தின் குடும்பக் கதை முழுவதும் எனக்கு அந்த ஒரு கேள்விக்குள் இருக்கிறது. ஈசாக்கா இஸ்மவேலா, யாக்கோபா ஏசாவா, யாக்கோபின் மனைவியரில் ராகேலா லேயாளா, அவருடைய பிள்ளைகளில் யோசேப்பா மற்றவர்களா. ஒருவருக்குக் கொடுத்தால் மற்றவருக்கு இல்லை என்று நினைத்தே ஒவ்வொரு வீடும் உடைந்தது. ஆசீர்வாதத்தை அவர்கள் காணியைப் போல அளந்தார்கள். அது பங்குக் கிணறு. ஒருவர் இறைத்த பிறகும் ஊறும்.

இதை நான் கரையில் நின்று சொல்லவில்லை. எங்கள் வீட்டில் நான்தான் யாக்கோபு. 1985இல் என் அண்ணையை ஜேர்மனிக்கு அனுப்ப என் தகப்பன், எங்கள் ஐயா, ஒரு வயலை விற்றார். "அவனுக்குரியது அதோடை போட்டுது" என்று சொல்லி, வீட்டையும் வளவையும் கிணறு முழுவதையும் எனக்கு எழுதினார். அண்ணை அதற்குப் பிறகும் மாதா மாதம் காசு அனுப்பினார். அந்தக் காசில்தான் கூரைக்கு ஓடு மாற்றினோம். வீட்டைப் பற்றி அவர் ஒரு சொல் கேட்டதில்லை. கேட்காததால் அவருக்குக் கவலை இல்லை என்று நான் முடிவு கட்டிக்கொண்டேன். அது எனக்கு வசதியாக இருந்தது.

2012இல் ஐயா இறந்து போனார். அண்ணை கொழும்பில் இறங்கி விடியப்புறம் பஸ்ஸில் வந்தார். ஐயாவின் முகத்தைப் பார்த்துவிட்டு நேரே வளவுக்குப் பின்னால் போனார். மோட்டர் போட்டிருக்கு அண்ணை, குழாயிலை குளிக்கலாம் என்றேன். "வாளி இருக்கோ?" என்று கேட்டார். மூலையில் கிடந்த பழைய வாளியையும் கயிற்றையும் எடுத்துக் கொடுத்தேன். அள்ளி, ஒரு கை ஏந்திக் குடித்தார். "தண்ணி மாறேல்லையடா" என்றார். நான் துவாயோடு பக்கத்தில் நிற்கிறேன். உறுதி அலுமாரிக்குள் இருக்கிறது. அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டியதைச் சொல்லவில்லை. பிரேதப் பெட்டியின் முன் பக்கம் அவர் ஒரு கரையும் நான் ஒரு கரையும் பிடித்தோம். ஆராதனையில் ஈசாக்கும் இஸ்மவேலும் பற்றி ஒருவரும் பேசவில்லை, ஆனால் எனக்கு வேறொன்றும் காதில் விழவில்லை.

அதற்குப் பிறகும் நாலு வருஷம் தள்ளிப்போட்டேன். 2016இல் நொத்தாரிசிடம் போய் அரைவாசியை அண்ணையின் பெயருக்கு எழுதி, ஃபோனில் வாசித்துக் காட்டினேன். கனநேரம் சத்தமில்லை. பிறகு, "கிணத்துப் பங்கும் போட்டனியோ?" என்று கேட்டார். போட்டிருக்கு அண்ணை என்றேன். அவர் அழுதது எனக்குக் கேட்டது. அந்தக் கிணற்றில் அவர் இனி அள்ளப் போவதில்லை. முழங்கால் இரண்டும் ஏலாது.

இதை எழுதியது உங்கள் தம்பிக்காகவும்தான். அப்பாவின் விருப்பம் என்று அவர் ஒதுங்கி நிற்க முடியாது. வாங்குகிற கைக்கும் பொறுப்பு இருக்கிறது. யாக்கோபு இருபது வருஷம் கழித்து ஏசாவைச் சந்திக்கும்போது ஆட்டையும் மாட்டையும் ஒட்டகத்தையும் கொடுத்து ஏற்றுக்கொள்ளும்படி வருந்திக் கேட்கிறார். 33ஆம் அதிகாரம் 11ஆம் வசனத்தில் எங்கள் வேதாகமத்தில் காணிக்கை என்று இருக்கிற இடத்தில் எபிரேயத்தில் நிற்பது பெராக்கா, ஆசீர்வாதம் என்ற சொல். களவாக எடுத்ததைத் திருப்பிக் கொடுக்கிறார். அண்ணன் ஓடி வந்து கழுத்தைக் கட்டி அழுததும் அந்த இடத்தில்தான். தம்பிக்கு இந்த அதிகாரத்தை அனுப்புங்கள். கூடவே, யாழ்ப்பாணத்துச் சொத்து வழக்கச் சட்டமான எங்கள் தேசவழமை 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் எழுத்தில் ஏறியபோதே, பங்காளிக்கும் உரித்தாளருக்கும் முதலில் சொல்லாமல் முதுசத்தை விற்கக்கூடாது என்ற வழக்கம் அதில் இருந்தது என்பதையும் சொல்லுங்கள். கூடப்பிறந்தவனைக் கேளாமல் முதுசத்தில் கை வைப்பதை எங்கள் பழையவர்களும் சரி என்று நினைக்கவில்லை.

அப்பாவுக்கு வாசித்துக் காட்ட நான் கடைசியாக வைத்திருப்பது 48ஆம் அதிகாரம்.

யாக்கோபுக்கு அங்கே சாகிற வயது. கண்கள் முதிர்வயதினால் மங்கிப்போயின. ஈசாக்கைப் பற்றி 27ஆம் அதிகாரம் தொடங்குவதும் அப்படித்தான். கண் மங்கிய தகப்பன், ஆசீர்வாதத்துக்கு வந்து நிற்கிற இரண்டு பேர். ஆனால் இங்கே நிற்கிற பிள்ளைகள் யார்? யோசேப்பின் மக்கள், மனாசேயும் எப்பிராயீமும். தாய் ஆஸ்நாத்து. ஓன் பட்டணத்து எகிப்திய ஆசாரியன் போத்திபிராவின் மகள். வேறு தேவனை வணங்கின வீட்டுப் பெண். அவள் மதம் மாறினாளா என்று வேதம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாக்கோபு அந்தப் பிள்ளைகளைக் கிட்டக் கொண்டுவரச் சொல்கிறார். முத்தமிடுகிறார், அணைத்துக்கொள்கிறார். ரூபனும் சிமியோனும் எப்படியோ அப்படியே இவர்களும் என்னுடையவர்கள் என்கிறார். பிறகு இரண்டு கையையும் நீட்டி இரண்டு தலையிலும் வைக்கிறார். கை மாறிவிட்டது என்று யோசேப்பு பிடிக்கப் போகும்போது, தெரியும் மகனே, எனக்குத் தெரியும் என்கிறார். இளையவனை முன்னுக்கு வைக்கிற பழக்கம் அந்தக் கிழவரை அப்போதும் விடவில்லை. ஆனால் ஒரு தலையும் வெறுமையாகத் திரும்பிப் போகவில்லை.

எபிரெயர் 11ஆம் அதிகாரம் விசுவாச வீரர்களைச் சொல்லி வரும்போது ஈசாக்கின் விசுவாசத்துக்கு ஒன்றே ஒன்றைத்தான் எடுக்கிறது. யாக்கோபையும் ஏசாவையும் ஆசீர்வதித்தார் என்பது. யாக்கோபிடம் எடுப்பது, யோசேப்பின் மக்கள் இருவரையும் ஆசீர்வதித்தார் என்பது. யாப்போக்கு ஆற்றங்கரையில் விடிய விடியப் போராடியதையோ பெத்தேலில் கண்ட ஏணியையோ எடுக்கவில்லை. இதை நான் வாசிக்கத் தொடங்கி அறுபது வருஷமாகிறது. இந்த இரண்டு வசனமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதைக் கண்டது என் உறுதியை மாற்றி எழுதின வருஷத்தில்தான்.

பேரப்பிள்ளைகள் தேவனை அறியாமல் போய்விடுவார்கள் என்று அப்பா பயப்படுகிறார் அல்லவா? அந்தத் தேவனை அவர்கள் யாருடைய கையில் காண்பது? அவர்கள் தலையில் இன்னும் படாத கை அப்பாவுடையது. யாக்கோபின் முழங்காலுக்குப் பக்கத்தில் நின்ற எகிப்தியப் பெண்ணின் பிள்ளைகள் இஸ்ரவேலில் இரண்டு கோத்திரமானார்கள். எந்தப் பிள்ளை எந்தக் கோத்திரமாகும் என்று தகப்பன்மாருக்குத் தெரியாது.

எப்போது உறுதி எழுதுகிறார்கள் என்று நீங்கள் குறிப்பிடவில்லை. அப்பாவின் கண்ணுக்குச் சத்திரசிகிச்சை அதற்கு முதல் வருமென்றால், கட்டு அவிழ்க்கிற அன்றைக்கு அண்ணாவை மட்டும் போக விடாதீர்கள். அண்ணியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு நீங்களும் போங்கள். வீட்டுக்கு வந்த பிறகு 48ஆம் அதிகாரத்தை எடுத்து, வாசிக்கிற வேலையை அண்ணாவின் மூத்த பிள்ளையிடம் கொடுங்கள். அப்பா என்ன செய்தார் என்று எனக்கு எழுதுங்கள்.